கழகம் மாறும் வீரரும் கழகத்தோடு கட்டிய சந்தாவும்: ஆங்கிலக் கீழ்ப்பிரிவு ஒளிபரப்புச் சேவை பற்றிய மதிப்புரை

இங்கிலாந்தின் நான்காம் நிலைப் பிரிவான லீக் டூவில் ஆடும் கழகமொன்று, வெளிநாட்டு இரசிகர்களுக்காக நேரடி ஒளிபரப்புச் சேவையொன்றை நடத்துகிறது. அதற்குப் பருவகாலச் சந்தா செலுத்தி, போட்டிகளை வெள்ளவத்தையிலுள்ள வீட்டிலிருந்து பார்த்துவந்ததன் அடிப்படையில் இம்மதிப்புரையை எழுதுகிறேன். கழகத்தின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை. அந்தப் பிரிவின் பல கழகங்கள் வழங்கும் சேவைகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதால், பெயர் தெரிவதால் வாசகருக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம். சந்தாவை வாங்கியதும் கழகத்தின் மீதான பற்றினால் அன்று. அதன் பின்களத்தில் ஆடிய, முப்பது வயதைத் தாண்டிய, ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை கழகம் மாறிவந்த ஒரு வீரரைப் பார்ப்பதற்காகவே வாங்கினேன். அவருடைய தொழிலை அறிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல சேவை எனக்குத் தெரியாது. ஆனால் அச்சேவை விற்கப்படும் முறை அவருடைய தொழிலின் இயல்போடு சற்றும் பொருந்தவில்லை.

கொழும்பில் ஆங்கில உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பிரீமியர் லீக்கைப் பற்றியே பேசுகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளில் தொங்கும் மேற்சட்டைகளில் லிவர்பூலும் மன்செஸ்டர் யுனைட்டட்டும் ஆர்சனலும் இருக்குமே தவிர, கீழ்ப்பிரிவுக் கழகங்களான அக்ரிங்டனையோ குரூவையோ தேடிப் பயனில்லை. 2024 ஓகஸ்ட்டில், வேல்ஸில் பிறந்த, இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்காகக் களமிறங்கினார். இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என்று அவர் பேசப்பட்டபோதுதான், லீக் வன் என்றொரு மூன்றாம் பிரிவு இருப்பது இங்கே பல வீடுகளின் உரையாடலுக்குள் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. அந்த இளைஞரின் தொடக்கத்தைப் பார்க்கப் போன எங்களில் சிலருக்கு, அவரைச் சுற்றி ஆடிய, எவரும் பெயர் கேட்டிராத மூத்த வீரர்கள் மீது கண் போய்விட்டது. இந்தச் சந்தாவின் ஊற்றுக்கண் அதுதான்.

அந்த மூத்த வீரர்களின் தொழில் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் சேவையை மதிப்பிட முடியாது. பிரீமியர் லீக்கின் 20 கழகங்களுக்குக் கீழே சம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ ஆகிய மூன்று பிரிவுகளில் தலா 24 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பருவகாலத்தில் 46 லீக் போட்டிகளில் ஆடுகிறது. அதற்கும் கீழே நஷனல் லீக்கும், அதன் வட, தென் பிரிவுகளும் இருக்கின்றன. கீழ்ப்பிரிவு வீரரின் ஒப்பந்தம் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ எழுதப்பட்டு, ஜூன் 30ஆம் திகதி முடிகிறது. மே மாதத்தில், கடைசிப் போட்டி முடிந்த சில நாட்களுக்குள், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்ற பட்டியலைக் கழகம் வெளியிடுகிறது. பெயர் தவறான பக்கத்தில் இருந்தால், ஜூலையில் வேறொரு கழகத்தின் பயிற்சி மைதானத்தில், ஒப்பந்தம் எதுவுமின்றி, பத்தொன்பது வயதுப் பையன்களோடு சேர்ந்து ஓடித் தன்னை நிரூபிக்க வேண்டும்.

வீரர்களின் சுதந்திரத்துக்காக நடந்த போராட்டங்களின் வரலாறு நீண்டது. 1907இல் மன்செஸ்டரில் தொடங்கிய வீரர் சங்கம், 1961இல் ஜிம்மி ஹில்லின் தலைமையில், வாரத்துக்கு 20 பவுண் என்ற உச்சச் சம்பள வரம்பை ஒழித்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரரைக் கழகம் பிடித்துவைத்திருக்கும் முறையை 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் வழக்கின் தீர்ப்பு தளர்த்தியது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து வந்த பொஸ்மன் தீர்ப்பு அதை முற்றாக உடைத்தது. உச்சப் பிரிவு வீரருக்கு இவையெல்லாம் செல்வத்தின் வாசலைத் திறந்தன. லீக் டூவின் பின்கள வீரருக்கோ, அதே சுதந்திரத்தின் மறுபக்கம்தான் பெரும்பாலும் வாய்க்கிறது: அவரை எவரும் கட்டிவைப்பதில்லை, எவரும் வைத்துக்கொள்வதும் இல்லை.

இந்த வகை வாழ்க்கையிலிருந்து புகழுக்கு வந்தவர்களும் உண்டு. வேர்க்கிங்ரனில் பிறந்த கோல்காப்பாளர் ஜோன் பரிட்ஜ், தன் ஊர்க் கழகத்துக்காக நான்காம் பிரிவில் தொடங்கி, பல கழகங்களுக்கு ஆடி, 1995இல் 43 வயதில் மன்செஸ்டர் சிற்றிக்காக இறங்கிப் பிரீமியர் லீக்கின் மிக மூத்த வீரரானார். ஜேமி கியூரெட்டன் நார்விச்சில் தொடங்கி, பல கழகங்கள் மாறி, 2006–07இல் கொல்செஸ்டருக்காக 23 கோல்கள் அடித்து, சம்பியன்ஷிப்பின் அதிக கோல் வீரரானார். நாற்பது வயதிலும் டகன்ஹாம் அணிக்காக லீக் டூவில் ஆடிக்கொண்டிருந்தார். பிளாக்பூல் விடுவித்த பின் பீற்றூட் போத்தலிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரிக்கி லம்பேர்ட், மக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்ரொக்போர்ட், ரொச்டேல், பிரிஸ்ரல் ரோவர்ஸ் என்று ஏறி, 2013 ஓகஸ்ட்டில் இங்கிலாந்துக்கான தன் முதல் போட்டியில், ஸ்கொட்லாந்துக்கு எதிராக, வெம்பிளியில் கோல் அடித்தார். இவர்கள் கதையானவர்கள். நான் பார்த்த வீரரின் தொழில் வாழ்க்கையில் கதையாகக்கூடிய தருணம் எதுவும் இல்லை, அதனால்தான் அவரைப் பார்க்க விரும்பினேன். தொலைக்காட்சித் தொகுப்புகளில் அவருக்கு இடமில்லை.

இனிச் சேவைக்கு வருகிறேன். முதலில் நேரம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே தொடங்கும் போட்டி, கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும்போது இங்கு இரவு 7.30க்கும், ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30க்கும் வருகிறது. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்காருவதற்கு உகந்த நேரம். செவ்வாய் இரவுப் போட்டிகள் வேறு விடயம், அங்கே 7.45க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டி 12.15க்கோ குளிர்காலத்தில் 1.15க்கோதான் தொடங்கும், மறுநாள் வேலைக்குப் போகிறவர் அதைப் பதிவாகவே பார்க்க வேண்டியிருக்கும். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடக்கூடாது என்பதற்காக, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரித்தானியாவில் உதைபந்தாட்ட நேரடி ஒளிபரப்புக்குத் தடை இருக்கிறது. எனவே அந்தக் கழகத்தின் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் நோயில் படுத்திருக்கும் இரசிகருக்குச் சட்டப்படி கிடைக்காத படம், கொழும்பில் இருக்கும் எனக்குக் கிடைக்கிறது.

படத்தின் தரத்தைப் பற்றி எந்தப் பிரமையும் வேண்டாம். பிரதான பார்வையாளர் மேடையின் உச்சியில் வைக்கப்பட்ட ஒற்றைக் கமெராவே பெரும்பாலும் முழுப் போட்டியையும் படமாக்குகிறது. காற்றடித்தால் படம் ஆடும். மாலை வெயில் தாழ்ந்தால் ஒரு பக்கம் முழுவதும் வெளிறிப்போகும். சில எதிரணி மைதானங்களில் கூரையைத் தாங்கும் தூண் ஒன்று கோணர் கொடியை மறைத்துக்கொண்டு நிற்கும். கோல் விழுந்தால் மறுகாட்சி வரும் என்று காத்திருக்கக் கூடாது. பிரீமியர் லீக்கின் பல கமெரா ஒளிபரப்புக்குப் பழகியவர் முதல் பத்து நிமிடங்களிலேயே அணைத்துவிடக்கூடும்.

ஆயினும் என் தேவைக்கு இந்த ஒற்றைக் கமெராதான் சேவையின் மிகப் பெரிய சிறப்பு. பெரிய ஒளிபரப்பு பந்தையும் முகங்களையும் துரத்துகிறது. பந்து வெளியே போன கணத்தில் பயிற்றுநரின் முகத்துக்கோ பார்வையாளருக்கோ தாவிவிடுகிறது. இங்கே தாவுவதற்கு வேறு கமெரா இல்லை. அகன்ற சட்டகத்தில், பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போதும், என் பின்கள வீரர் எங்கே நிற்கிறார் என்பது பெரும்பாலான நேரம் தெரிந்துகொண்டே இருக்கிறது. அவருடைய தொழில் முழுவதும் அந்த நிற்பதில்தான் இருக்கிறது. ஓட்டம் குறைந்துவிட்ட ஒருவர், தன்னைவிடப் பத்து வயது இளைய முன்கள வீரரை எப்படிச் சமாளிக்கிறார் என்பதை ஓரிரு போட்டிகளில் கண்டுகொள்ள முடியாது, வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். பந்து உயரமாக வரப்போகிறது என்று தெரிந்ததும், மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவர் இரண்டு அடி பின்வாங்கித் தன் தோளை எதிராளியின் மார்போடு சேர்த்துவைக்கிறார். பந்து இறங்கும்போது அந்த இளைஞர் குதிப்பதற்கு இடமே இல்லை. நடுவர் அதைத் தவறு என்று ஊதுவதற்கு எதுவும் கண்ணில் படுவதில்லை. வலப்பக்கத்தில் ஆடும் இளம் பின்கள வீரரை, ஒவ்வொரு எறிபந்தின்போதும், கையால் சுட்டி மூன்றடி உள்ளே இழுக்கிறார். தன்னைக் கடந்து ஓடிவிடுவார்கள் என்று தோன்றினால், ஆபத்தான இடத்துக்கு வரும்வரை காத்திராமல், மைதானத்தின் நடுக்கோட்டருகிலேயே சட்டையைப் பிடித்திழுத்து மஞ்சள் அட்டையை வாங்கிக்கொள்கிறார். ஒரு கோலால் முன்னிலையில் இருக்கும் எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு, காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பது அவருக்குத் திடீரென்று நினைவுக்கு வரும். இதை ஏமாற்று என்று சொல்லலாம், அனுபவம் என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்கும் கோடு அந்தப் பிரிவில் மிக மெல்லியது.

ஒலியும் இதற்குத் துணை செய்கிறது. லீக் டூ மைதானங்களுக்குச் சில ஆயிரம் பேரே வருவதால், களத்திலிருந்து எழும் குரல்கள் ஒலிவாங்கியில் தெளிவாகப் பதிகின்றன, அவற்றில் சில சிறுவர்களோடு இருந்து கேட்கத் தகாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வர்ணனை உள்ளூர் வானொலியினுடையது. அந்தக் கழகத்தைப் பல்லாண்டுகளாகப் பின்தொடரும் வர்ணனையாளரும், அதே கழகத்தின் பழைய வீரர் ஒருவரும் பேசுகிறார்கள். எதிரணி வீரர் ஒருவர் பந்தைத் தொட்டதும், அவர் எந்தெந்தக் கழகங்களில் ஆடினார், எந்தப் பயிற்றுநர் அவரை எங்கிருந்து எங்கே கூட்டிச்சென்றார் என்று விரியும் அந்தப் பேச்சு, ஒரு குடும்ப வரலாற்றைக் கேட்பது போலிருக்கிறது. கீழ்ப்பிரிவில் வீரர்கள் தனியாக இடம்மாறுவதில்லை, நம்பும் பயிற்றுநரின் பின்னே இடம்மாறுகிறார்கள் என்பதை அந்த வர்ணனையிலிருந்தே அறிந்தேன். பயிற்றுநர் வேலையை இழந்த மறுவாரமே, அவர் கூட்டிவந்தவர்கள் பதிலாட்டக்காரர் ஆசனத்துக்குப் போய்விடுகிறார்கள்.

வானொலி ஒலியும் இணையப் படமும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பது எரிச்சலூட்டும் குறை. கோணர் உதைக்காகப் பந்து வைக்கப்பட்டிருக்கும் காட்சியின்போதே கோல் என்ற கூச்சல் காதில் விழுந்துவிடும். மழை கடுமையான ஒரு சனிக்கிழமை, உள்நுழைவுப் பக்கமே முதல் பாதி முடியும்வரை திறக்கவில்லை. உதவிப் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குத் திங்கட்கிழமை மரியாதையான பதில் வந்தது, பயன் எதுவுமில்லை. முழுப் போட்டியின் பதிவு மறுநாளே கிடைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் தேடிப் போகும் முகப்புப் பக்கத்திலேயே முடிவு கொட்டை எழுத்தில் கிடக்கிறது, ஆகவே செவ்வாய்ப் போட்டிகளைப் பதிவாகப் பார்க்க விரும்புபவர் காணொளிப் பக்கத்தின் முகவரியை முன்கூட்டியே சேமித்துவைத்துக்கொள்வது நல்லது. போட்டிக்குப் பிந்திய நேர்காணல்களில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எல்லோரிடமும் எல்லாம் கேட்கிறார்கள், அடுத்த ஆண்டு எங்கே இருப்பீர்கள் என்பதைத் தவிர.

சந்தாவில் அடங்காதவை எவை என்பதை வாங்குபவர் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். எஃப்.ஏ. கிண்ணப் போட்டிகளின் உரிமை எஃப்.ஏ. எனப்படும் ஆங்கில உதைபந்தாட்டச் சங்கத்திடம் இருப்பதால் அவை இதில் வருவதில்லை. லீக் டூ கழகம் நவம்பரில் முதல் சுற்றில் நுழைந்து, இரண்டு சுற்றுகளைக் கடந்தால், ஜனவரியில் மூன்றாம் சுற்றில் பிரீமியர் லீக் கழகமொன்றைச் சந்திக்கும் வாய்ப்பு உண்டு. வருடம் முழுவதும் சிறு மைதானங்களில் ஆடும் ஒருவர், நாடே பார்க்க ஆடக்கூடிய ஒரே நாள் அதுவாக இருக்கலாம். அந்த நாளுக்கு இந்தச் சந்தா செல்லாது. வெளிநாட்டு ஒளிபரப்பாளர்கள் நேரடி ஒளிபரப்புக்குத் தெரிவுசெய்த லீக் போட்டிகளும் சிலவேளை விடுபட்டுப்போகின்றன.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஜனவரியில் நடந்தது. புதிய பயிற்றுநர் வந்தார், இளம் பின்கள வீரர் ஒருவரைக் கொண்டுவந்தார், என் வீரர் பருவகால முடிவுவரை நஷனல் லீக் கழகமொன்றுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். எனது சந்தாவோ மே வரை பழைய கழகத்தோடு கட்டுண்டு கிடந்தது. மீதிக் காலத்துக்குரிய பணத்தைத் திருப்பித் தருவதற்கோ, வேறொரு கழகத்தின் சேவைக்கு மாற்றுவதற்கோ எந்த ஏற்பாடும் இல்லை; நஷனல் லீக்கின் ஒளிபரப்பு வேறொரு தளத்தினுடையது, அதற்குத் தனிச் சந்தா. நிறுவனத்தின் பார்வையில் இதில் பிழையொன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரசிகர் கழகத்துக்குரியவர், வீரர் வந்துபோகிறவர் என்ற எண்ணத்தின் மீதே ஆங்கில உதைபந்தாட்டத்தின் வியாபாரம் முழுவதும் நிற்கிறது. அந்த மைதானத்துக்கு நடந்துபோகக்கூடிய தூரத்தில் பிறந்தவருக்கு அந்த எண்ணம் சரி. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு ஒரு வடஇங்கிலாந்துச் சிற்றூர்க் கழகத்துக்குப் பணம் கட்டுபவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊரோடு உறவு இருக்கப்போகிறது? எங்களைப் போன்றவர்கள் ஒரு மனிதரைப் பார்த்துத்தான் வருகிறோம். வீரரின் பெயரில் ஒரு சந்தா, அவர் எந்தக் கழகத்துக்குப் போனாலும் தொடரும் சந்தா, தொழில்நுட்பத்தில் முடியாத காரியமன்று. உரிமைகள் பல கைகளில் சிதறிக் கிடப்பதுதான் தடை.

கழகத்தோடு கட்டுண்டிருப்பதில் இன்னோர் இடரும் உண்டு, அது வீரருக்கே முதலில் நேர்வது. 1885இல் தொடங்கிய பெரி கழகம் 2019 ஓகஸ்ட்டில், பருவகாலம் ஆரம்பமான பின்னரே, லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. லம்பேர்ட்டுக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்த மக்கிள்ஸ்ஃபீல்ட் ரவுன், வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தடுமாறி, 2020 செப்ரெம்பரில் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. இத்தகைய பிரிவில் ஒரு முழுப் பருவகாலத்துக்கு முன்பணம் கட்டும்போது, கழகத்தின் நிதிநிலை பற்றிய செய்திகளை ஒருமுறை வாசித்துவிட்டுக் கட்டுவது நல்லது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, நான் பார்த்த பருவகாலத்தில் தனிப் போட்டிக்கான அனுமதி பெரும்பாலும் 10 பவுணைத் தாண்டவில்லை. பருவகாலச் சந்தாவைப் போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது இன்னும் மலிவுதான், எல்லாவற்றையும் பார்ப்பதாக இருந்தால். கொழும்பிலிருந்து கடனட்டை மூலம் பவுணில் செலுத்தும்போது வங்கி சேர்க்கும் கட்டணங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டு இணைப்பில் படம் தடையின்றி வந்தது. கையடக்கத் தொலைபேசியின் தரவில் பார்ப்பவருக்கு ஒரு போட்டியே மாதப் பொதியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குளிர்காலத்தில் மைதானம் உறைந்தோ நீர் தேங்கியோ போட்டி ஒத்திவைக்கப்படுவது அடிக்கடி நடப்பதால், தனிப் போட்டிக்கான அனுமதியைத் தொடக்க நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் வாங்காதிருப்பதே புத்தி. ஒருமுறை அப்படி ஒத்திவைக்கப்பட்டபோது நண்பர் ஒருவருக்குப் பணம் திரும்பவில்லை, அடுத்த போட்டிக்கான வரவாகவே கிடைத்தது.

கழகமொன்றின் மீது பற்றுள்ளவருக்குப் பருவகாலச் சந்தாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொழும்பின் இரத்தினம், ரினௌன், சோண்டர்ஸ் ஆகிய கழகங்களின் ஆட்டங்களை வெயிலில் நின்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒளிபரப்பின் கரடுமுரடு அந்நியமாகத் தோன்றாது. இளம் பின்கள வீரர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கு, முன்பு சொன்ன அகன்ற சட்டகத்துக்காகவே, இதைப் பிரீமியர் லீக் ஒளிபரப்புக்கு மேலாகச் சொல்வேன். ஒரு வீரரைப் பின்தொடர விரும்புபவர் மட்டும் தனிப் போட்டி அனுமதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜனவரி இடமாற்றக் காலம் முடிந்த பிறகு, அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு, மீதியைத் தீர்மானிக்கலாம்.

இன்னொன்று: பருவகாலச் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது, அந்தத் தெரிவு கணக்குப் பக்கத்தின் அடியில், கட்டண விபரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. கோடையில் அடுத்த ஆண்டுக்கான பணம் அட்டையிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன்னரே, மே மாதப் பட்டியல் கழகத்தின் இணையத்தளத்தில் வந்துவிடும். அதைப் பார்த்த பின் அந்தத் தெரிவை அணைப்பதா விடுவதா என்று முடிவுசெய்யலாம், நான் அணைத்துவிட்டேன்.